காது குத்துக்கு மாமன் சீர்: டேப்லெட்டா, படப் புத்தகமா, டபரா செட்டா?

என் தங்கச்சி மகளுக்கு இப்போது பதினோரு மாதம். மடிப்பாக்கத்தில் அவர்கள் வீட்டுச் சமையலறை வாசலுக்குப் பக்கத்தில், மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று தொங்குகிறது. தவழும் கிருஷ்ணர், கையில் வெண்ணெய் உருண்டை. போன ஞாயிற்றுக்கிழமை பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றேன். முதலில் உள்ளங்கையால் படத்தைத் தட்டினாள். அப்புறம் இரண்டு விரலைச் சேர்த்து அந்த வெண்ணெயைக் கிள்ளி எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. நகத்தால் சுரண்டினாள். கடைசியில் தலையைச் சாய்த்து வாயையே வைத்துவிட்டாள்.

வருகிற தை மாதம் என் மடியில் உட்காரவைத்துத்தான் அவளுக்குக் காது குத்தப்போகிறார்கள். தோடு, பட்டுப்பாவாடை எல்லாம் முடிவாகிவிட்டது. அது போக, அவள் தினமும் கையாளுகிற மாதிரி ஒன்று வாங்கித் தர வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசையைச் சொன்னதும் வீட்டில் ஆளுக்கொரு யோசனை. மாப்பிள்ளை டேப்லெட் என்றார், அதில் பாட்டு, விலங்கு, எழுத்து எல்லாம் வந்துவிடுமாம். சம்பந்தி அம்மா ஃபிளாஷ் கார்டு என்றார், எதிர்வீட்டுக் குழந்தை ஒன்றரை வயதிலேயே பழங்களின் பெயரெல்லாம் சொல்கிறதாம். தங்கச்சி படப் புத்தகம் கேட்டாள். கும்பகோணத்தில் இருக்கும் என் அம்மாவோ போனில், "எதுக்குடா காசு? ஒரு டபரா டம்ளரும் கரண்டியும் குடுத்தா போதும், நாள் பூரா விளையாடும்" என்றாள்.

இந்த நான்கில் எது என்று தீர்மானிக்க நான் கொஞ்சம் படித்தேன், கொஞ்சம் பாப்பாவையே உட்கார்ந்து பார்த்தேன். இதே கேள்வியோடு இருக்கும் மாமன்களுக்கும் அத்தைகளுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பாப்பா அந்த வெண்ணெயைச் சுரண்டியதில்தான் பாதி விடை இருக்கிறது. நமக்குப் படம் என்றால் படம். அது வேறொன்றைக் காட்டுகிறது, அந்த வேறொன்று இங்கே இல்லை என்பது யோசிக்காமலே தெரியும். குழந்தைக்கு அது பிறவியில் வருவதில்லை. பார்வை மட்டும் சீக்கிரம் வந்துவிடுகிறது. பிறந்து சில நாளே ஆன சிசுக்கள்கூட ஒரு பொருளையும் அதன் புகைப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் பொருளைத்தான் அதிக நேரம் பார்க்கின்றன. ஆலன் ஸ்லேட்டர் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் 1984லேயே இதைக் காட்டியிருக்கிறார்கள். ஐந்து மாதத்தில், நேரில் பார்த்துப் பழகிய பொம்மையைப் புகைப்படத்தில் அடையாளம் கண்டுகொள்கின்றன. ஆக, இரண்டும் ஒன்றல்ல என்றும் தெரிகிறது, இரண்டுக்கும் உறவு உண்டு என்றும் தெரிகிறது. அந்த உறவு என்ன என்பதுதான் தெரிவதில்லை.

அந்தக் குழப்பம் கையில் தெரியும். ஜூடி டிலோச் என்ற அமெரிக்க உளவியலாளர் 1998ல் ஒன்பது மாதக் குழந்தைகள் முன்னால், பொருட்களின் வண்ணப் படம் அச்சிட்ட புத்தகத்தை வைத்துப் பார்த்தார். தட்டின, தடவின, சில குழந்தைகள் படத்திலிருந்து பொருளைப் பிடுங்கி எடுக்கவே முயன்றன. படமும் புத்தகமும் நிறைந்த அமெரிக்க வீடுகளில் மட்டும் அவர் பார்க்கவில்லை. ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில், படங்கள் அரிதான பெங் மக்களின் கிராமத்துக் குழந்தைகளும் அதையேதான் செய்தன. பத்தொன்பது மாதம் ஆகும்போது இந்தப் பிடுங்கல் குறைந்து, அதன் இடத்தில் விரல் நீட்டல் வருகிறது. படத்தைக் காட்டி, நம் முகத்தைப் பார்த்து, "தோ" என்கிற அந்த விரல். இந்த மாற்றத்தை நான் ரொம்பப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். முதல் அடி வைத்த நாளை எழுதிவைக்கிறோம். படத்தைப் பிடுங்குவதை விட்டுவிட்டு முதன்முதலாக விரல் நீட்டிய நாளையும் எழுதிவைக்கலாம்.

இதற்காகக் குழந்தைக்குப் படம் பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று யாரும் பதற வேண்டாம். ஜூலியன் ஹாக்பெர்க், வர்ஜீனியா புரூக்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் தங்கள் சொந்தப் பிள்ளையைப் பத்தொன்பது மாதம் வரை, முடிந்தவரை படமே கண்ணில் படாமல் வளர்த்தார்கள். யாரும் அவனுக்குப் படத்தைக் காட்டிப் பெயர் சொல்லவில்லை. அப்புறம் கோட்டுச் சித்திரங்களையும் புகைப்படங்களையும் காட்டியபோது, தனக்குத் தெரிந்த பொருட்களைச் சரியாகவே பெயர் சொன்னான். 1962ல் வெளியானது இது. என் பிள்ளைக்கு நான் செய்ய மாட்டேன். ஆனால் ஒன்று தெளிவாகிறது: பொருள்களோடு நன்றாகப் பழகிய குழந்தைக்குப் படம் பின்னால் வந்தாலும் நஷ்டம் இல்லை.

சரி, இனி ஒவ்வொன்றாக.

அம்மா சொன்ன டபரா டம்ளரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஒரு வயதுக்கு அதுதான் முன்னால் நிற்கிறது. டபராவைத் தூக்கினால் கனம் தெரிகிறது, காலையில் ஜில்லென்று இருக்கிறது, கீழே போட்டால் ஒரு சத்தம், டம்ளரின் மேல் போட்டால் வேறு சத்தம். டம்ளர் டபராவுக்குள் போகும், டபரா டம்ளருக்குள் போகாது. பாப்பா இதை ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை சோதித்தாள் என்று எண்ணி எனக்கே அலுத்தது, அவளுக்கு அலுக்கவில்லை. கவிழ்த்தால் பின்பக்கம் தெரிகிறது. படத்தில் இருக்கும் டம்ளருக்குப் பின்பக்கமே கிடையாது. அதை எப்படித் திருப்பினாலும் காகிதத்தின் முதுகுதான் வரும். ஒரு டம்ளரை டம்ளராக அறிவது கண்ணும் கையும் காதும் வாயும் சேர்ந்து செய்கிற வேலை, ஒரு வயதில் அதில் கண்ணின் பங்கு மட்டும் போதாது.

சாமான்களைக் கூடையில் போட்டுக் கொடுக்கலாம்: டபரா செட், மரக் கரண்டி, ஜல்லிக் கரண்டி, இடியாப்பத் தட்டு, சின்ன முறம், ஒரு பெரிய எலுமிச்சம்பழம், துவைத்த பருத்தித் துண்டு. வாரத்துக்கு இரண்டு மூன்றை மாற்றினால் போதும். கூர்மை இருக்கக் கூடாது, துரு இருக்கக் கூடாது. டாய்லெட் பேப்பர் சுற்றிவரும் அட்டைக் குழாய்க்குள் நுழைந்துவிடுகிற அளவுக்கு எது சின்னதாக இருந்தாலும் கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். புளியங்கொட்டை, வேர்க்கடலை, கோலிக் குண்டு, பட்டன் பேட்டரி எதுவும் எட்டும் தூரத்தில்கூட வேண்டாம். எலுமிச்சையைக் கடித்துவிட்டால் கையிலிருந்து எடுத்துவிடுங்கள். பொம்மையாக வாங்குவதானால் ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

மயிலாப்பூர் மாட வீதியில் கொலு நேரத்தில் வரும் சொப்பு சாமான் எவ்வளவு அழகு! ஆனால் இந்த வயதுக்கு அது வேண்டாம், பல துண்டுகள் மிகவும் சின்னவை. அதோடு, சொப்பு என்பதும் ஒரு வகைப் படம்தான், நிஜ அடுப்பைக் காட்டுகிற குட்டி அடுப்பு. இதிலும் குழந்தைகள் தடுமாறுவார்கள். ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயதுவரையான குழந்தைகளை ஓர் அறையில் நாற்காலி, சறுக்கு, உட்கார்ந்து ஓட்டும் காரோடு விளையாடவிட்டு, பிறகு அவற்றுக்குப் பதிலாக உள்ளங்கை அளவு மாதிரிகளை வைத்தபோது, சில குழந்தைகள் அந்தக் குட்டி நாற்காலியில் மெய்யாகவே உட்காரப் போனார்கள், காரின் கதவைத் திறந்து காலை விடப் பார்த்தார்கள். 2004ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு. இதைப் படித்ததும் எனக்கு எங்கள் வீட்டுக் கொலுவில் மரப் பல்லக்குக்குள் ஏறப்போன என் தங்கச்சி நினைவுக்கு வந்தாள். அன்று அவளை அதட்டினார்கள். இன்று படிக்கும்போது அந்தக் குழந்தைமேல் பாவமாக இருக்கிறது.

அடுத்து படப் புத்தகம். இங்கேதான் எனக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது.

பாப்பாவின் வீட்டு பால்கனிக் கம்பியில் தினமும் காலையில் ஒரு காக்கா வந்து உட்காரும். சம்பந்தி அம்மா சோறு வைப்பார். "காக்கா" என்றால் பாப்பா பால்கனிப் பக்கம் திரும்புவாள். அவளிடம் ஏற்கெனவே ஒரு புத்தகம் இருக்கிறது, அதில் காக்காவுக்கு நீலத் தொப்பி, கண்ணிமை, சிரிக்கும் வாய். அந்தப் பக்கத்தைக் காட்டி "காக்கா" என்றால் அவள் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. என் போனில் எடுத்த அதே பால்கனிக் காக்காவின் போட்டோவைக் கடையில் பிரின்ட் போட்டுக் கொடுத்தேன். பார்த்தாள், அப்புறம் தலையைத் திருப்பிப் பால்கனியைப் பார்த்தாள். ஒரு குழந்தை, ஒரு தடவை, இதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2008ல் பாட்ரிசியா கானியா குழுவினர் பதினைந்து, பதினெட்டு மாதக் குழந்தைகளோடு செய்து பார்த்ததும் இந்தத் திசையில்தான் இருக்கிறது. புத்தகத்தில் கற்ற பெயரை நிஜப் பொருளுக்குக் கொண்டுபோக, கார்ட்டூன் படத்தைவிடப் புகைப்படம் போன்ற படமே குழந்தைக்கு அதிகம் கைகொடுக்கிறது.

ஒன்றரை வயதுக்கு மேல் புத்தகத்தின் பலம் எகிறிவிடுகிறது. பிரைஸ்லர், கேரி என்ற இருவர் 2004ல் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. முட்டை அடிக்கும் கம்பிக் கரண்டியின் படத்தைக் காட்டி, அதன் பெயரைப் பதினெட்டு மாத, இருபத்துநான்கு மாதக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு அந்தப் படத்தையும் நிஜக் கரண்டியையும் முன்னால் வைத்து, பெயரைச் சொல்லி எது என்று கேட்டார்கள். பெயர் கற்றது படத்தில். ஆனாலும் குழந்தைகள் படத்தை மட்டும் காட்டவில்லை, நிஜக் கரண்டியைக் காட்டினார்கள், அல்லது இரண்டையும் காட்டினார்கள். பெயர் காகிதத்துக்கு உரியதல்ல, காகிதம் காட்டுகிற பொருளுக்கு உரியது என்று அதற்குள் பிடிபட்டுவிட்டது.

ஆகையால் ஒரு வயதில் வாங்கும் புத்தகம் ஒன்றரை வயதுக்கும் உதவ வேண்டும். கெட்டி அட்டைப் பக்கங்கள், பக்கத்துக்கு ஒரு பொருள், நிஜத்துக்குப் பக்கத்தில் நிற்கும் படம். இழுத்தால் எழும்பும், தள்ளினால் நகரும் புத்தகங்கள் கடையில் மனதை மயக்கும். ஆனால் அப்படிப்பட்ட புத்தகத்தில் குழந்தைகள் பெயர்களைக் குறைவாகவே கற்றதாக 2010ல் ஓர் ஆய்வு சொல்கிறது. கை இழுப்பிலேயே கவனம் போய்விடுகிறது போல. அப்புறம், வீட்டில் இருக்கிற பொருளாகப் பாருங்கள். நம் பழைய அரிச்சுவடியின் அணில், ஆடு, இலை, ஈ எல்லாம் வாசலில் கிடைக்கிற சொத்து. உரலுக்குத்தான் இன்றைக்கு அடுக்குமாடி வீட்டில் ஆள் இல்லை, புத்தகத்தில் அந்தப் பக்கம் வரும்போது யார் வீட்டிலாவது நிஜ உரலைப் போய்க் காட்டிவிட்டு வர வேண்டும்.

சென்னையில் இதற்கு வழி நிறைய. இங்கேயே இயங்கும் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த படப் புத்தகங்கள் போடுகிறது, நம் ஊர் மரமும் நம் ஊர் முகமும் அவற்றில் இருக்கும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவே உண்டு, வாங்கும் முன் புரட்டிப் பார்க்க நல்ல இடம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் புத்தகங்களை இலவசமாக இறக்கி அச்சிடலாம். இவை எல்லாவற்றையும்விட மலிவானது, நாமே வீட்டுப் பொருட்களைப் போட்டோ எடுத்து, பிரின்ட் போட்டு, லேமினேட் செய்து, ஓரத்தில் ஓட்டை போட்டு நூலால் கட்டுவது.

ஃபிளாஷ் கார்டு பற்றி நீட்ட ஒன்றுமில்லை. அதுவும் படம்தான், ஆனால் புத்தகத்தில் இருக்கிற நிதானம் அதில் இல்லை. மடியில் வைத்து ஒரே பக்கத்தில் மூன்று நிமிடம் நின்று, "இது யாரு? காக்கா. காக்கா எங்க உக்காரும்? நம்ம பால்கனில" என்று பேசுவதை அது நம்மை அறியாமல் ஒப்பிப்பாக மாற்றிவிடுகிறது. வீட்டில் ஏற்கெனவே இருந்தால் கார்டையும் பொருளையும் ஜோடி சேர்த்து விளையாடுங்கள், வாழைப்பழக் கார்டுக்குப் பக்கத்தில் ஒரு வாழைப்பழம். புதிதாக வாங்க நான் சொல்ல மாட்டேன்.

டேப்லெட். மாப்பிள்ளை சொன்னதை நான் ஒதுக்கிவிடவில்லை, ஏனென்றால் அந்த வீட்டின் நெருக்கடி எனக்குத் தெரியும். இருவருக்கும் வேலை, சம்பந்தி அம்மாவுக்கு முழங்கால் வலி, சாயந்திரம் சமையல் முடிகிறவரை யாராவது பாப்பாவைப் பிடிக்க வேண்டும். பாட்டு ஓடினால் அவள் அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள். ஆனால் உட்காருவது வேறு, கற்பது வேறு.

ஜார்ஜீன் டிராசத், டிலோச் இருவரும் 1998ல் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு ஒரு சோதனை வைத்தார்கள். பக்கத்து அறையில் ஒருவர் பொம்மையை ஒளித்துவைப்பதைக் குழந்தை டிவியில் பார்க்கிறது, பிறகு போய்த் தேட வேண்டும். இரண்டரை வயதுக் குழந்தைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு வயதுக்காரர்களுக்கு வரவில்லை. அதே இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு ஜன்னல் வழியாகப் பார்க்கவிட்டால் நேராகப் போய் எடுத்தார்கள். காட்சி ஒன்றுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது நிஜம், திரையில் நடப்பது தன் அறைக்குச் சம்பந்தமில்லாதது என்று குழந்தை முடிவு செய்துவைத்திருக்கிறது.

தொடுதிரையில் குழந்தையே தட்டுகிறதே, அது வேறில்லையா என்று மாப்பிள்ளை கேட்டார். நியாயமான கேள்வி. 2009ல் பதினைந்து மாதக் குழந்தைகளிடம் இதைத்தான் பார்த்தார்கள். பொம்மையில் ஒரு பட்டன், அதே பொம்மையின் படம் தொடுதிரையில், அதிலும் பட்டன். பொம்மையில் காட்டியதைப் பொம்மையிலும், திரையில் காட்டியதைத் திரையிலும் குழந்தைகள் நன்றாகச் செய்தன. திரையில் கற்றதைப் பொம்மைக்கோ, பொம்மையில் கற்றதைத் திரைக்கோ கொண்டுபோவதில் சறுக்கின. டேப்லெட்டில் தட்டுவதைக் கற்ற விரல் டேப்லெட்டில் தட்டுவதைத்தான் கற்றிருக்கிறது.

பேச்சும் அப்படியே. பாட்ரிசியா கூல் என்ற ஆய்வாளர் 2003ல் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பன்னிரண்டு அமர்வுகளில் சீன மொழியைக் கேட்கவைத்தார். ஆள் நேரில் உட்கார்ந்து விளையாடிப் பேசிய குழந்தைகள் அந்த மொழியின் ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டன. அதே ஆள், அதே பேச்சு டிவியில் வந்தபோது ஒன்றும் ஒட்டவில்லை. ஒன்று முதல் ஒன்றரை வயதுக் குழந்தைகள் ஒரு மாதம் சொல் கற்பிக்கும் வீடியோ பார்த்தும், பார்க்காத குழந்தைகளைவிட அதிகச் சொற்கள் கற்கவில்லை என்று 2010ல் டிலோச் கண்டார். வீடியோவே இல்லாமல் பெற்றோர் அன்றாட வேலையினூடே சொல்லிக்கொடுத்த பிள்ளைகள்தான் முன்னே நின்றார்கள். அந்த ஆய்வில் இன்னொன்றும் வந்தது: வீடியோ பிடித்துப்போன பெற்றோர், பிள்ளை நிறையக் கற்றதாக நம்பினார்கள். நாம் எல்லோரும் அங்கே விழக்கூடியவர்கள்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2019ல் வெளியிட்ட வழிகாட்டி, ஒரு வயதுக் குழந்தைக்கு உட்கார்ந்து திரை பார்ப்பதே வேண்டாம் என்கிறது. இரண்டிலிருந்து நான்கு வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான இந்தியன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸும் இரண்டு வயதுவரை திரை வேண்டாம் என்றே சொல்கிறது. சொந்தக்காரர்களோடு எப்போதாவது பேசும் வீடியோ காலுக்கு மட்டும் விலக்கு.

அந்த விலக்குக்குக் காரணம் இருக்கிறது. வீடியோ காலில் எதிரில் இருப்பவர் பதில் சொல்கிறார். பாப்பா கை தட்டினால் கும்பகோணத்தில் என் அப்பா கை தட்டுகிறார். இந்தப் பதில்தான் திரையை ஜன்னலாக்குகிறது. 2006ல் டிராசத் குழுவினர், திரையில் வந்த ஆள் ஐந்து நிமிடம் குழந்தையின் பெயர் சொல்லி நேரடியாக விளையாடிய பிறகு ஒளித்துவைத்த இடத்தைச் சொன்னால், இரண்டு வயதுக் குழந்தைகளும் அதை நம்பித் தேடிக் கண்டுபிடித்ததைக் காட்டினார்கள். 2017ல் ஒன்று முதல் இரண்டு வயது வரையான குழந்தைகள் ஒரு வாரம் வீடியோ காலில் பழகிய ஆளை நேரில் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்கள். முன்பே பதிவு செய்த வீடியோவில் பார்த்தவர்களுக்கு அது நடக்கவில்லை.

ஆக, பதினோரு மாதப் பாப்பாவுக்கு என் வரிசை இது: முதலில் பொருள், அதற்குப் பக்கத்திலேயே அந்தப் பொருளின் படம், மடியில் ஓர் ஆள். திரை என்றால் தாத்தா பாட்டி மட்டும். உங்கள் வீட்டுக் குழந்தைக்கு ஒன்றரை வயது தாண்டியிருந்தால் காசைப் புத்தகத்தின் பக்கம் அதிகம் போடுங்கள், இரண்டரையைத் தாண்டியிருந்தால் கூட உட்கார்ந்து பேசிக்கொண்டே கொஞ்சம் வீடியோ பார்ப்பதில் எனக்குப் பெரிய மறுப்பில்லை. சமையல் நேரத்துப் பிரச்சினைக்கு, அடுப்பின் வெப்பமும் எண்ணெய்த் துளியும் எட்டாத இடத்தில், சமையலறை வாசலுக்கு வெளியே ஒரு பாய் விரித்து அந்தக் கூடையை வைக்கச் சொன்னேன். முதல் இரண்டு நாள் அழுதாள் என்றாள் தங்கச்சி. இப்போது முக்கால் மணி நேரம் ஓடுகிறதாம், சத்தம்தான் தாங்கவில்லையாம்.

டபரா செட்டை எவர்சில்வரில் வாங்கிவிட்டேன், அடியில் அவள் பெயரைப் பொறித்து. புத்தகத்தை நானே செய்கிறேன், பதினான்கு பக்கம்: டபரா, டம்ளர், கரண்டி, காக்கா, செம்பருத்தி, செருப்பு, சாவி, பாட்டியின் மூக்குக் கண்ணாடி, இப்படி. மாப்பிள்ளை சொன்ன டேப்லெட்டையும் வாங்கினேன். அது கும்பகோணம் போகிறது. அப்பாவின் பழைய போனில் பாப்பா முகம் நெல்லிக்காய் அளவுதான் தெரிகிறது என்று அம்மா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.